கந்தல் துணியில் மூவாயிரம் ரூபாய்ப் பை: பிலிப்பைன்ஸ் கைவினைச் சரக்கு தேறுமா?

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி படித்த பிறகு என்னைத் திட்டுவீர்கள். துணிக் கழிவைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிப் பின்னிய ஒரு தோள்பை, 2,100 பெசோ. ஒரு பெசோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் என்று போட்டால் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. தி.நகர் நடைபாதையில் அதே மாதிரித் துணிக் கழிவில் பின்னிய கால் மிதியடியை 'நூறு ரூபாய்க்கு ரெண்டு' என்று கூவிக் கூவி விற்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்கு மூவாயிரமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

சரக்கு எப்படி வந்தது என்பது சின்னக் கதை. அண்ணன் மகள் பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் எம்பிபிஎஸ் படிக்கிறாள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள், லீவுக்கு வரும்போது பெட்டி நிறைய உலர்ந்த மாம்பழம் கொண்டுவருவார்கள். இவளிடம் நான் மாம்பழம் வேண்டாம், அங்கே பெண்களை வைத்துக் கைவினைப் பொருள் செய்கிற சமூக நிறுவனங்கள் நிறைய இருக்கிறதே, அதில் எதையாவது வாங்கி வா என்று சொல்லியிருந்தேன். தோள்பை, டினாலக் என்கிற நார்த் துணியில் ஒரு சின்ன பவுச், ஒரு பாய், மூன்றும் வந்தன. வாங்கிய கடைகளின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன்.

தோள்பைதான் இதில் முக்கியம். விரல் அகலத்துக்கும் கொஞ்சம் குறைவான பின்னல் துணிக் கீற்றுகள், நம்ம பனியன் துணி மாதிரிதான், சாம்பல் நிறத்தில் கடுகு மஞ்சள் கோடு ஒன்று குறுக்கே ஓடுகிறது. அந்தக் கோட்டை நான் முதலில் ஏதோ மிச்சத் துணி கிடைத்ததைச் சொருகியது என்றுதான் நினைத்தேன். பையைத் திருப்பினால் பின்பக்கமும் அதே உயரத்தில், அதே அகலத்தில், தையல் சேருகிற இடத்தில் இம்மி பிசகாமல் வந்து சந்திக்கிறது. கிடைத்த நிறத்தையெல்லாம் கலந்து கட்டி வானவில் ஆக்காமல், இரண்டே நிறத்துக்குள் கையை அடக்கிக்கொண்டதுதான் இந்தப் பையின் அழகு. உள்ளே கெட்டியான காட்டன் லைனிங், போன் வைக்க ஒரு பாக்கெட், சாவி மாட்ட ஒரு கொக்கி. வாயைச் சுற்றி பைப்பிங். கைப்பிடி சேரும் இடத்தில் பெட்டி போட்டுக் குறுக்காக இரண்டு தையல், பாரம் இழுக்கும் இடம் எது என்று தெரிந்தவர் போட்ட தையல். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, ஒரு தடித்த நோட்டு எல்லாம் போட்டு பறக்கும் ரயிலில் நெரிசலில் போய்வருகிறேன், வடிவம் தொங்கிப் போகவில்லை.

இந்த வகைப் பைக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அதைச் சொல்லாமல் விலையைப் புரிந்துகொள்ள முடியாது. மணிலாவை ஒட்டிய கேசான் சிட்டியில் பயாட்டாஸ் என்று ஒரு குப்பைமேடு இருந்தது. நமக்குப் பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் அங்கே மலையின் அடிவாரத்திலேயே ஜனங்கள் குடியிருந்தார்கள். 2000 ஜூலை 10ஆம் தேதி மழையில் ஊறிய அந்த மலை சரிந்து குடிசைகள் மேல் விழுந்து 200 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகும் அந்த இடம் இயங்கிக்கொண்டிருந்து 2017இல்தான் மூடப்பட்டது. அங்கே இருந்த தாய்மார்கள் குப்பையில் கிடைத்த துணித் துண்டுகளைப் பொறுக்கி வீட்டிலேயே மிதியடி பின்னி விற்றார்கள். பிறகு இடைத்தரகர்கள் நுழைந்து, துணியைக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்கள், பின்னியதை எடுத்துக்கொண்டு போவதும் அவர்கள் என்று ஆகி, பின்னியவர் கையில் சில பெசோக்கள் மட்டும் மிஞ்சின.

2007இல் ரீஸ் பெர்னாண்டஸ் என்ற இளம்பெண்ணும் நண்பர்களும் சேர்ந்து ரேக்ஸ்டுரிச்சஸ் என்ற நிறுவனத்தை அங்கே ஆரம்பித்தார்கள். முதலில் தரகரைத் தாண்டி, துணிக் கழிவை ஆலைகளிடமிருந்து நேராகவே எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த நாட்டின் பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ராஜோ லாரெலைக் கூட்டிவந்தது. அதே பெண்கள், அதே பின்னல், அதே கழிவுத் துணி. மிதியடியாகப் பின்னியதைக் கைப்பையாகப் பின்னச் சொன்னார். பொருள் வாசலிலிருந்து தோளுக்கு ஏறியது, விலையும் கூடவே ஏறியது. 2010இல் ரீஸுக்கு ரோலெக்ஸ் இளையோர் விருது கிடைத்தது. என்னிடம் இருக்கிற பை அவர்களுடையது இல்லை, அவர்கள் போட்ட பாதையில் பின்னால் வந்த ஒரு சின்ன கடையுடையது. ஆனால் யோசனை அதேதான்.

சரி, குறைக்கு வருவோம். ஜிப். நான் திருவான்மியூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன், இங்கே உப்புக் காற்றில் வாசல் கேட்டின் கொண்டியே பொடிப்பொடியாக உதிரும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் மூவாயிரம் ரூபாய்ப் பையின் ஜிப் ஒரே ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, ரன்னர் பாதி வழியில் நின்றுகொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அடம்பிடித்தால் கோபம் வரத்தானே செய்யும்? தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோனேன். அவர் பையை முழுசாக உள்வெளியாகத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்துவிட்டு, "வேலை ரொம்ப சுத்தமா இருக்கும்மா, யாரோ நல்லாத் தெரிஞ்சவங்க பண்ணிருக்காங்க. ஜிப்புலதான் காசு மிச்சம் பிடிச்சுட்டாங்க" என்றார். பித்தளை ஜிப் மாற்ற 120 ரூபாய் வாங்கினார். இப்போது ஜோராக ஓடுகிறது. இன்னொரு குறை, நனைந்தால் கனம். பின்னல் துணி தண்ணீரைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்கிறது, நவம்பர் மழையில் ஒருமுறை நனைந்தால் மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் உள் மடிப்பில் ஈரம் இருக்கும், அப்படியே மூடி வைத்தால் நாற்றம் வந்துவிடும். மணிலாவும் மழை கொட்டுகிற ஊர்தானே, இதை யோசிக்காமல் எப்படி விட்டார்கள் என்று புரியவில்லை.

டினாலக் பவுச் வேறு கதை. இது தாவோ இருக்கிற அதே மிந்தனாவோ தீவில், தெற்கு கொதபாத்தோவின் செபு ஏரிப் பக்கம் இருக்கும் டிபோலி பழங்குடிப் பெண்கள் நெய்யும் துணி. நூல் அபாகா நார். அபாகா நம்ம வாழைக்கு நெருங்கிய சொந்தம், பழம் தின்ன லாயக்கில்லை, மட்டையில் வரும் நாருக்காகவே வளர்க்கிறார்கள். துறைமுகங்களில் மணிலா கயிறு என்று சொல்வது இந்த நாரில் திரித்ததைத்தான். டினாலக்கில் நாரை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு நீளமாக்கி, பாவு நூலை ஆங்காங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். போச்சம்பள்ளிச் சேலைக்கும் நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் ஏற்றுவார்களே, அதே சங்கதி. நிறம் மூன்றுதான்: நாரின் இயல்பான வெளுப்பு, கருப்பு, சிவப்பு. சிவப்பு வருவது நம்ம நுணா வகையைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேரிலிருந்து. நெய்து முடித்ததும் சோழியை வைத்துத் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பு ஏற்றுகிறார்கள். பவுச்சின் உள்மடிப்பில் லைனிங் கொஞ்சம் விட்டிருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், கடுகை விடச் சின்னதாக முடிச்சுகள் வரிசையாக நெருடுகின்றன. வெளிப்பக்கம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

கோலம் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு நெய்வதில்லை, கனவில் வருவது என்பது அவர்கள் நம்பிக்கை. அபாகாவின் தெய்வமான ஃபு டாலுதான் கனவில் காட்டுகிறாளாம். இந்த நெசவுக்காக லாங் டுலாய் என்ற அம்மாவுக்கு 1998இல் அந்த நாட்டு அரசு பாரம்பரியக் கலைஞர்களுக்கான பெரிய கௌரவத்தைக் கொடுத்தது, 2015இல் காலமானார். நூறு விதமான கோலங்கள் அவருக்கு மனப்பாடம் என்று சொல்வார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பவுச்சை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். துணியில் குற்றமே இல்லை. ஆனால் நார்த் துணி விறைப்பானது, ஒரே இடத்தில் தினமும் மடக்கி மடக்கித் திறந்தால் மடிப்பில் பிசிறடிக்கிறது. ஓரத்தில் வைத்துத் தைத்த ரெக்ஸின், சென்னை வெயிலில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டது. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. இந்தத் துணியை முறைப்படி இல்லாமல் வெட்டினால் நோய் நொடி வரும் என்று டிபோலி மக்களிடையே ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது, விற்கும்போதுகூட தெய்வக் குற்றம் ஆகாமல் இருக்க ஒரு பித்தளை வளையத்தைக் கோத்துக் கொடுப்பார்களாம். அப்பேர்ப்பட்ட துணியை லிப்ஸ்டிக் வைக்கிற அளவுக்குத் துண்டு போட்டு, ரெக்ஸின் ஓரம் வைத்து விற்பதில் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விற்கிறவர்களே சம்மதித்து விற்கும்போது நீ யார் கேட்க என்றால், ஆமாம், நான் யாரும் இல்லை. என்றாலும் ஒரு கெஜம் துணியாக வாங்கி மாட்டி வையுங்கள், பணமும் நெய்தவருக்குக் கூடுதலாகப் போகும்.

பாய்க்கு அதிகம் எழுத ஒன்றும் இல்லை. சமார் தீவின் பாசே ஊரில் டிகோக் என்ற ஒருவகைப் புல்லைச் சாயம் போட்டுப் பின்னுகிறார்கள், பூ வேலைப்பாடு அதன் மேலேயே. அங்கே பெண்கள் குகைக்குள் உட்கார்ந்து பின்னுவது வழக்கம், குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் புல் ஒடியாது என்பதற்காக. 2013 நவம்பரில் ஹையான் புயல் அடித்து நொறுக்கிய பகுதி அது. பாய் பார்க்க லட்சணம், ஆனால் படுக்க நம்ம பத்தமடைதான். தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்துக் கீறிய கோரையில் மெல்லிசாக நெய்த பட்டுப்பாயின் வழவழப்பு இதில் இல்லை. பாசே பாயைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

இப்போது எனக்கு உண்மையில் எரிச்சலூட்டிய விஷயம். தோள்பையில் ஒரு அட்டை தொங்கியது, அதில் பின்னிய அம்மாவின் பெயர், அவர் கையெழுத்து, 'நீங்கள் வாங்கியதால் ஒரு குடும்பம் வாழ்கிறது' என்கிற தோரணையில் நாலு வரி. பெயர் போட்டது நல்லதுதான், நம்ம ஊரில் அதுவும் கிடையாது. ஆனால் அந்த அம்மாவுக்கு இந்தப் பைக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்பது எங்கேயும் இல்லை. அண்ணன் மகளைக் கேட்டு எழுதச் சொன்னேன். பீஸ் கணக்கில் கூலி, ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு பகுதி முன்பணம், தொகையைச் சொல்வதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. முன்பணம் கொடுப்பது பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் பெயரையும் கையெழுத்தையும் போடுவது விளம்பரம், கூலியைப் போடுவதுதான் கணக்கு. கதையை அட்டையில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு எண்ணை அச்சடிக்க இடமா இல்லை?

ஆகவே இந்த மாதிரிப் பொருளுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: அட்டையைக் கத்தரித்துத் தூக்கிப் போட்டுவிட்டால் அந்தப் பொருளை அதே விலைக்கு வாங்குவேனா? தோள்பையை வாங்குவேன், ஜிப்பை மாற்றிக்கொண்டு. பவுச்சை மாட்டேன்.

இந்தச் சோதனையை நம்ம ஊர்ச் சரக்கிலும் வைத்துப் பார்க்கலாம் என்று நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சுய உதவிக் குழுக்களின் கண்காட்சி நடந்தபோது போனேன். வாழைநார்ப் பை, கோரைப் பை, பனை ஓலைப் பெட்டி, சணல் பை எல்லாம் இருந்தன. ஒரு வாழைநார்ப் பையை எடுத்தேன், நாரைத் திரித்த நேர்த்தியைப் பார்த்து அசந்துவிட்டேன், அந்த மூவாயிரம் ரூபாய்ப் பையின் பின்னலை விட ஒரு படி மேல். விலை 350. ஆனால் உள்ளே லைனிங் இல்லை, நார் புடவையில் மாட்டி இழுக்கிறது, வாய் திறந்தபடி கிடக்கிறது, முன்பக்கம் எதற்கென்றே தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

"அக்கா, இதுல ஜிப் வச்சதா எதுவும் இல்லையா?"

"ஜிப் வச்சா அறுபது ரூபா ஏறும்மா. இதுக்கே இருநூறுக்குக் குடுன்னு கேக்குறாங்க. யாரு குடுக்குறா?"

"இந்த ரோஜா?"

"அது இல்லாம வெறுமனே இருக்குன்னு வாங்க மாட்டேங்குறாங்கம்மா. உங்களுக்கு வேணாம்னா பிச்சுத் தரேன்."

பிய்த்தே கொடுத்தார். பசை தடம் இன்னும் இருக்கிறது.

குழு, சேமிப்பு, வங்கிக் கடன், இதிலெல்லாம் நாம் பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் பாடம் எடுக்கலாம். மகளிர் சுய உதவிக் குழு முயற்சி 1989இல் தர்மபுரியில் ஆரம்பித்தது, அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் குழுக்கள். வேலைத்திறனுக்கும் பஞ்சமில்லை. பல்லாவரத்தைத் தாண்டி அனகாபுத்தூருக்குப் போனால் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய அதே தறிகளின் வாரிசுகள் வாழைநாரில் சேலையே நெய்கிறார்கள். மூலப்பொருளும் கிடக்கிறது: திருப்பூர் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக இங்கே வந்து மெக்கானிக் ஷெட்டில் கை துடைக்கப் போகிறது. நம்மிடம் இல்லாதது, அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து 'ரோஜா வேண்டாம், லைனிங் வைப்போம், விலையைத் தொள்ளாயிரம் ஆக்குவோம், அந்த விலைக்கு வாங்குகிற ஆளிடம் கொண்டுபோய் வைப்பது என் பொறுப்பு' என்று சொல்கிற ஒரு ராஜோ லாரெல். வடிவமைப்புக் கல்லூரிகள் இருக்கின்றன, மாணவர்கள் பிராஜெக்ட்டுக்காக வந்து நாலு மாதிரி செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்த மாதிரிகள் அலமாரியில் தூங்குகின்றன.

எதிர்ப்பக்கத்துக் கொடுமையும் இருக்கிறது. நகரின் தெற்கே ஒரு பூட்டிக், பெயர் வேண்டாம், அதே மாதிரி வாழைநார்ப் பையில் லைனிங்கும் தோல் கைப்பிடியும் வைத்து 4,200 என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். 'கிராமத்துப் பெண்களின் கைவண்ணம்' என்று போர்டு. எந்த ஊர், எந்தக் குழு என்று கேட்டேன், விற்பனைப் பெண் பாவம் முழித்தாள், முதலாளி அம்மா வந்து "வில்லேஜ்லேர்ந்து சோர்ஸ் பண்றோம் மேடம்" என்றார். எந்த வில்லேஜ்? சிரித்தார்.

பிலிப்பைன்ஸின் செபு நகரில் (டினாலக் நெய்கிற செபு ஏரி வேறு) 2010இல் தாயும் மகளுமாகத் தொடங்கிய ஆன்ட்ஹில் என்று ஒரு துணிக்கடை இருக்கிறது, பல பகுதிகளின் கைத்தறித் துணியை வாங்கி, விழாவுக்கு மட்டும் கட்டுவது என்றில்லாமல் ஆபீஸுக்குப் போட்டுப் போகிற சட்டை, ஜாக்கெட் என்று தைக்கிறார்கள். ஜசின்டோ அண்ட் லிரியோ என்கிற நிறுவனம் ஆகாயத்தாமரைத் தண்டைத் தோல் மாதிரிப் பதப்படுத்தி டைரி, பை செய்தது. நம்ம கூவத்திலும் அடையாற்றிலும் வருஷா வருஷம் மெஷின் வைத்து வாரிக் கரையில் கொட்டுகிறோமே, அதே ஆகாயத்தாமரை. அரசும் அங்கே சும்மா இல்லை, அபாகா, அன்னாசி நார் மாதிரி உள்நாட்டு நார் சேர்ந்த துணியில்தான் அரசு ஊழியர் சீருடை தைக்க வேண்டும் என்று 2004இல் சட்டமே போட்டார்கள். நாமும் 1983இல் இலவச வேட்டி சேலைத் திட்டம் கொண்டுவந்து தறிக்கு வேலை கொடுத்தவர்கள்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சேலையை வாங்குகிறவர் விருப்பத்தைக் கேட்டு நெய்ததாக யாரும் சொன்னதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஆன்லைனில் நேராக வரவழைத்தால் கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்ந்து பையின் விலையைத் தொட்டுவிடும், மணிலா, செபு, தாவோ பக்கம் படிக்கிற, வேலை பார்க்கிற யாராவது தெரிந்தவர் இருந்தால் மட்டும் கேளுங்கள். வாங்கும்போது ஜிப்பில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு, கடலோரத்தில் தாங்காது. துணிக்கீற்றுப் பையை வாஷிங் மெஷினில் போட வேண்டாம், ஷாம்பூ தண்ணீரில் அலசி நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நன்றாகக் காயாமல் பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அடுத்த லீவுக்கு வரும்போது அண்ணன் மகளைப் பை எதுவும் வாங்க வேண்டாம், டினாலக்கில் ஒரு கெஜம் வெட்டாத துணி மட்டும் கொண்டுவா, நெய்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். நுங்கம்பாக்கத்து வாழைநார்ப் பையை டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன். லைனிங், ஜிப் இரண்டுக்கும் சேர்த்து 280 கேட்கிறார்.